மழையில் பிரேக் போட்டால் கார் இடப்பக்கம் இழுக்கிறது: டயரா, பிரேக்கா? (2009 ஸ்விஃப்ட், கடலூர்)

மஞ்சக்குப்பம் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். மஞ்சக்குப்பத்திலிருந்து நாள்தோறும் புதுச்சேரியில் உள்ள ஒரு பள்ளிக்குக் காரில் சென்று வருகிறேன். கார் என் தந்தையார் 2009-இல் வாங்கிய பெட்ரோல் ஸ்விஃப்ட். 91,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. சென்ற ஆண்டு பதினைந்து வருடம் நிறைந்ததால் ஆர்.சி.யைப் புதுப்பித்தோம், அதற்கான கட்டணமே ஐந்தாயிரம் ரூபாய் என்பதால், இனி ஒவ்வொரு செலவையும் எண்ணித்தான் செய்ய வேண்டியிருக்கிறது.

சென்ற வாரம் கன்னியக்கோயிலைத் தாண்டி நல்ல மழையில் வந்துகொண்டிருந்தபோது, முன்னால் சென்ற லாரி திடீரென்று நின்றதால் நானும் பிரேக் போட்டேன். வண்டி நேரே நிற்காமல் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு சாலையோரச் சேற்றில் போய் நின்றது. காய்ந்த சாலையில் இந்தத் தொல்லை அநேகமாக இல்லை. மெக்கானிக் பிரேக் வேலை என்கிறார். டயர் கடைக்காரர் நான்கு டயரையும் மாற்றச் சொல்கிறார். ஆனால் டயர்களில் பட்டன் (சாலையில் படும் வரிகளின் ஆழம்) பாதிக்கு மேல் இருக்கிறது. ஸ்டெப்னியோ ஒரு நாளும் சாலையில் இறங்கியதில்லை, அதன் மேலுள்ள ரப்பர் மயிர்கூட உதிரவில்லை. அதையும் ஒரு புது டயரையும் சேர்த்து முன்னால் போட்டுவிட்டால் போதுமா? மான்ட்ரியாலில் இருக்கும் என் தம்பி, அங்கே எல்லாரும் போடும் குளிர்கால டயர் ஈரச் சாலையைக் கவ்விப் பிடிக்கும், அதையே இணையத்தில் தேடி வாங்கு என்கிறான்.

என்னிடம் இருப்பது இருபதாயிரம் ரூபாய். அதில்தான் இரண்டு டயர், சர்வீஸ், கதவின் அடியில் பிடித்திருக்கும் துருவுக்கு டிங்கரிங், பெயின்ட் எல்லாம் முடிய வேண்டும். வடகிழக்குப் பருவமழை வலுப்பதற்குள் எதை முதலில் செய்யலாம்?

பணிமனைக்காரர்:

அம்மா, பேருந்துப் பணிமனையில் முப்பத்தோரு ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கடைக்காரரும் மெக்கானிக்கும் சொல்வதை ஒருபுறம் வைத்துவிட்டு, செலவில்லாத மூன்று காரியங்களை முதலில் செய்யுங்கள்.

ஒன்று, டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. என்ற எழுத்துகளுக்குப் பின் வரும் வரிசையின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு தயாரான வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. முழு வரிசையும் பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கும் என்பதால், வெளிப்பக்கம் காணவில்லையென்றால் செல்பேசி விளக்கோடு குனிந்து உட்பக்கம் பாருங்கள். ஸ்டெப்னி உட்பட ஐந்தையும் எழுதுங்கள்.

இரண்டு, பள்ளியிலிருந்து வீடு வந்து நிறுத்தியதும் முன்சக்கரங்கள் இரண்டின் நடுப்பகுதிக்கு அருகே கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள் (தொட்டுவிடாதீர்கள், சுட்டுவிடும்). ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கே காலிப்பர் (பிரேக் பட்டைகளை அழுத்தும் பகுதி) சிக்கியிருக்கிறது என்று பொருள். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றால் காலிப்பரின் வழிகாட்டி ஊசிகள் துருவேறி இறுகுவது சாதாரணம்.

மூன்றாவதுதான் முக்கியம். முன்பக்கத்து இரு சக்கரங்களையும் இடம்வலமாக மாற்றிப் பூட்டச் சொல்லுங்கள். பக்கவாட்டில் சுழல் திசை அம்புக்குறி இருந்தால் மட்டும் இதைச் செய்யக் கூடாது. பிறகு மழை பெய்து நனைந்திருக்கும் ஆள்நடமாட்டமில்லாத சாலையில், 40 கிலோமீட்டர் வேகத்தில், பின்னால் வண்டி ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு பிரேக் போடுங்கள். இழுப்பு வலப்பக்கத்துக்கு மாறினால் குற்றம் டயரில். இடப்பக்கமே தொடர்ந்தால் பிரேக்கில்.

மஞ்சக்குப்பம் ஆசிரியை:

ஐயா, நீங்கள் சொன்னபடியே மூன்றையும் செய்தேன். இரண்டு முன்சக்கரங்களிலும் வெப்பம் ஒரே மாதிரிதான் இருந்தது. எண்கள்: முன் இடம் 4019; முன் வலம், பின் இரண்டு ஆகிய மூன்றும் 2316; ஸ்டெப்னி 0809. நான்கில் ஒன்றுமட்டும் ஏன் வேறு என்று தந்தையாரிடம் கேட்டேன். 2019-இல் பாலத்துக் கம்பி ஏதோ பக்கவாட்டைக் கிழித்துவிட்டதால் அதை மட்டும் மாற்றினாராம். ஞாயிறு விடியற்காலை சிப்காட் பக்கம் காலியாக இருந்த சாலையில் சோதித்தேன். வண்டி இப்போது வலப்பக்கம் இழுக்கிறது!

பணிமனைக்காரர்:

அப்படியானால் விடை கிடைத்துவிட்டது. 2019-இல் தயாரான டயர் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமே வண்டி போகிறது. ரப்பர் வெயிலிலும் காற்றிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்து இறுகுகிறது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் இறுகிய ரப்பர் ஈரத்தில் சாலையைப் பற்றாது. காய்ந்த தாரில் ஒன்பது வயது டயரும் ஆறு வயது டயரும் ஏறக்குறைய ஒன்றுபோல் பிடிப்பதால் உங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. நனைந்த சாலையில் இளையது பிடிக்கிறது, மூத்தது வழுக்குகிறது. பிடித்த பக்கம் வண்டி திரும்புகிறது. 2316 டயர் ஒன்றின் பக்கவாட்டைப் பெருவிரலால் அழுத்தி மடக்கிப் பாருங்கள், தலைமுடி போன்ற வெடிப்புகள் வாய் திறக்கும்.

ஸ்டெப்னியைச் சாலையில் ஓட்டும் எண்ணத்தை விட்டுவிடுங்கள். பார்வைக்கு ஐந்திலும் புதியது அதுதான், ஆனால் 2009 பிப்ரவரியில் பிறந்த அதுதான் எல்லாவற்றிலும் கிழம். ஆறு ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் சோதிக்க வேண்டும். பத்து ஆண்டு கடந்ததை, ஓடாவிட்டாலும், கழற்ற வேண்டும்.

லாஸ்பேட்டை:

குளிர்கால டயர் பற்றி நான் சொல்கிறேன். மான்ட்ரியாலில் ஆறு குளிர்காலம் வண்டி ஓட்டியவன். உங்கள் தம்பி அவர் ஊருக்குச் சொல்வது சரி. கியூபெக்கில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் சட்டப்படியே கட்டாயம். மலைச் சிகரத்துக்குள் பனித்துகள் வரைந்த குறி அதன் பக்கவாட்டில் இருக்கும். அந்த டயரின் சிறப்பு அதன் வரிகளில் மட்டும் இல்லை. ஏழு டிகிரி செல்சியஸுக்குக் கீழே சாதாரண டயர் விறைத்துப்போகும்போதும் இளக்கமாக இருக்கும்படி அதன் ரப்பரைச் சேர்க்கிறார்கள். நம் ஊரிலோ மார்கழி விடியற்காலையிலும் வெப்பம் இருபது டிகிரிக்கு வெகுவாகக் கீழே போவதில்லை. அந்த இளகிய ரப்பர் நம் தாரில் அழிப்பான் போலத் தேயும், பிரேக் போட்டால் நிற்கும் தூரமும் கூடும். நமக்குக் குளிர்காலம் என்பது ஐப்பசி, கார்த்திகை மழைதான். அதற்கு வேண்டியது நீரை வெளியேற்றும் ஆழமான நீளவாட்டுக் கால்வாய்கள் உள்ள சாதாரண டயரே. சட்டம் 1.6 மில்லிமீட்டர் வரை பட்டன் தேய அனுமதிக்கிறது, ஆனால் மழைக்காலத்தில் மூன்று மில்லிமீட்டருக்குக் குறைந்தாலே நான் மாற்றிவிடுவேன்.

அளவையும் மாற்றாதீர்கள். உங்கள் வண்டிக்கு 165/80 ஆர் 14 என்பது டயரிலேயே இருக்கும். அகலமான டயர் போட்டால் நல்லது என்று கடையில் சொல்வார்கள். தேங்கிய நீரில் அகலமான டயர்தான் சாலையைத் தொடாமல் சீக்கிரம் மிதக்கும்.

வில்லியனூர் டிரைவர்:

நான்கு வாங்கப் பணம் இல்லையென்றால் இரண்டை வாங்கி முன்னால் போட்டுக்கொள்ளலாமே. இழுவையும் பிரேக்கும் திருப்பமும் முன்சக்கரத்தில்தானே இருக்கின்றன?

பணிமனைக்காரர்:

பெரும்பாலான கடைகளில் அப்படித்தான் போடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை, தம்பி. முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே போகப் பார்க்கும், ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெரும்பாலும் மீண்டுவிடலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டி பம்பரமாகச் சுற்றும், அதைச் சாதாரண ஓட்டுநரால் பிடித்து நிறுத்த முடியாது. ஆகவே இரண்டுதான் புதிது என்றால் அவை பின்னால்தான் போக வேண்டும். ஆனால் இந்த அம்மாவுக்கு அந்த வழியும் சரிப்படாது. பின்னால் புதிது போட்டு, முன்னால் ஒன்பது வயது ஜோடியை வைத்துக்கொண்டு நோணாங்குப்பம் பாலத்தில் மழையில் பிரேக் போடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அம்மா, உங்கள் இருபதாயிரத்தை இப்படிப் பிரித்துப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கு ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விலைப்பட்டியலைக் காட்டினால் ஏற்காதீர்கள். டிங்கரிங், பெயின்ட்டைத் தள்ளிப்போடுங்கள். துருவைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, ரெட் ஆக்சைடு பூசி, கதவின் அடியில் உள்ள சிறு நீர்வடி துளைகளில் அடைத்திருக்கும் மண்ணைக் குச்சியால் குத்தி எடுத்துவிட்டால் அடுத்த கோடை வரை தாங்கும். அந்தத் துளை அடைபடுவதால்தான் கதவு உள்ளிருந்து அரிக்கிறது. இப்படி மிச்சமாகும் தொகையில் நான்கு டயரும் வாங்கிவிடலாம். 4019-ஐ ஸ்டெப்னியாக வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேக்கையும் அடியோடு விட்டுவிட வேண்டாம். காலிப்பர் ஊசிகளுக்குக் கிரீஸ் வைப்பது சிறு கூலிதான். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும், எனவே இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் பச்சை வெள்ளைப் படிவைச் சமையல் சோடா கரைத்த வெந்நீரால் நீங்களே கழுவி, வாசலின் தடவிவிடலாம். வைப்பர் ரப்பரை மாற்றாமல் மழைக்காலத்துக்குள் நுழையாதீர்கள்.

நைட்ரஜனுக்குக் காசு கொடுக்காதீர்கள். நாம் அடிக்கும் காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன்தான் இருக்கிறது. புதுச்சேரியில் பெட்ரோல் மலிவு என்று எப்படியும் அங்கே நிரப்புவீர்கள். ஆனால் இருபது கிலோமீட்டர் ஓடிச் சூடான டயரில் காற்று அளவு கூடுதலாகக் காட்டும். ஆகவே பதினைந்து நாளுக்கு ஒருமுறை காலையில் கிளம்பியதும் வீட்டருகே உள்ள பங்கில், ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் அளவுப்படி பாருங்கள். தேங்கிய நீரில், 30 பி.எஸ்.ஐ. காற்றுள்ள டயர் ஏறத்தாழ 90 கிலோமீட்டர் வேகத்தில் மிதக்கத் தொடங்கும் என்றால், 20 பி.எஸ்.ஐ. உள்ளது 75-லேயே மிதக்கத் தொடங்கும் என்பது பழைய கணக்கு. பட்டன் தேய்ந்திருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

லாஸ்பேட்டை:

ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்த இரவில் புதுச்சேரியில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியபோது, எங்கள் தெருவில் மூன்று கார்கள் கெட்டதற்குக் காரணம் மழையன்று, நீருக்குள் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்ததுதான். எஞ்சினுக்குள் புகுந்த நீர் காற்றைப்போல் அமுங்காது. கனெக்டிங் ராடு வளைந்துவிடும். நீரில் நின்றுபோனால் சாவியைத் தொடாமல் தள்ளிக்கொண்டு வெளியே வாருங்கள்.

மஞ்சக்குப்பம் ஆசிரியை:

அனைவருக்கும் நன்றி. நேற்று வேலை முடிந்தது. முதலில் போன கடையில் விலை குறைவாகச் சொன்னார்கள். எடுத்து வைத்த டயரின் எண்ணைப் பார்த்தால் 1123. இரண்டரை ஆண்டு கிடங்கில் கிடந்த சரக்கு என்று சொன்னதும் கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். அடுத்த கடையில் நான்கும் 2725 கிடைத்தன, ஒன்று ரூ.3,950 வீதம் 15,800. வால்வு, பேலன்சிங், அலைன்மென்ட் சேர்ந்து 1,400. பிரேக் வேலைக்கும் ஆயிலுக்கும் 1,650. வைப்பர் போக மீதியில் ரெட் ஆக்சைடு வாங்கியிருக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை நானே பூசப்போகிறேன். இன்று காலை அரியாங்குப்பம் அருகே மழையில் பிரேக் போட்டுப் பார்த்தேன். வண்டி கோடு போட்டதுபோல் நேரே நின்றது. ஆனால் பழைய டயர்களைக் கடையிலேயே எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார்கள், கொடுத்துவிடலாமா?

பணிமனைக்காரர்:

கொடுக்கலாம், ஆனால் பக்கவாட்டில் கத்தியால் ஒரு கீறல் போட்டுவிட்டுக் கொடுங்கள். இல்லையென்றால் கறுப்பு பாலிஷ் பூசி வேறொருவர் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். இன்னொன்று சொல்ல மறந்துவிட்டேன். 100 கிலோமீட்டர் ஓடியதும் சக்கர நட்டுகளை ஒருமுறை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.

மஞ்சக்குப்பம் ஆசிரியை:

பார்த்தாயிற்று ஐயா. பின் வலச் சக்கரத்தில் ஒரு நட்டு கால் சுற்று எடுத்தது. 0809-ஐத் தந்தையார் கொடுக்க மறுத்துவிட்டார்; கொல்லையில் தென்னைக்கு அடியில் கிடக்கிறது, மழைநீர் தேங்கிக் கொசு வராமலிருக்க இரண்டு இடத்தில் துளை போட்டிருக்கிறேன்.