பிரைமர் ஏற்ற எது நல்லது: பிரஸ்ஸா, கைக்கருவியா?

ஆஸ்டின்வாசி:
வணக்கம் நண்பர்களே. டெக்சாஸில் இருக்கிறேன். நான்கு மாதமாக வீட்டு கராஜில் .223 அளவுத் தோட்டாவை ரீலோட் செய்கிறேன், அதாவது சுட்டு முடித்த வெற்றுப் பித்தளைக் கூட்டில் (கேஸ்) புதிதாக வெடிமருந்தும் குண்டும் வைத்து மறுபடி தயார் செய்கிறேன். என்னுடையது போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள். அடிபட்டதும் வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடிதான் பிரைமர்; அதைக் கேஸின் அடியிலுள்ள குழியில் பிரஸ்ஸிலேயே (ரீலோட் செய்யும் நெம்புகோல் கருவி) ஏற்றுகிறேன். போன சனிக்கிழமை 50 சுட்டதில் 6 வெடிக்கவில்லை. குழலை இலக்கை நோக்கியே வைத்து, அரை நிமிடம் பொறுத்து துப்பாக்கி ஊசியால் மறுபடி அடித்ததும் ஆறும் வெடித்தன. பிரஸ்ஸின் கைப்பிடி நீளம் என்பதால் எவ்வளவு அழுத்துகிறேன் என்பதே தெரிவதில்லை. கையில் பிடித்து அழுத்தும் கைக்கருவிக்கு மாறினால் சரியாகுமா?

பழைய பித்தளை:
தம்பி, இரண்டாவது அடிக்கு வெடித்தது என்றாலே பிரைமர் குழியின் அடிவரை இறங்கவில்லை என்று சந்தேகப்பட வேண்டும். முதல் அடியின் வேகம் அதை உள்ளே தள்ளுவதிலேயே போய்விடும். மிச்சமிருக்கும் தோட்டாக்களின் அடியை விரல்நுனியால் தடவிப் பாருங்கள். பிரைமர் 0.003 முதல் 0.005 அங்குலம் உள்வாங்கி இருக்க வேண்டும். துருத்திக்கொண்டிருந்தால் சுட வேண்டாம். மருந்து நிரப்பிய தோட்டாவை மறுபடி பிரஸ்ஸில் வைத்து பிரைமரை அழுத்தவும் வேண்டாம், அது பெரிய ஆபத்து. குண்டைக் கழற்றி மருந்தைக் கொட்டிவிடுங்கள். கேஸ்கள் எங்கே கிடைத்தவை?

ஆஸ்டின்வாசி:
துப்பாக்கி சுடும் ரேஞ்சில் பொறுக்கியவை அண்ணா. அந்த ஆறில் ஐந்தின் அடியில் 'எல்.சி' என்று இருக்கிறது.

பழைய பித்தளை:
அப்படியென்றால் சிக்கல் குழியில்தான். அது மிசௌரியிலுள்ள லேக் சிட்டி ராணுவ ஆலையின் முத்திரை. ராணுவத் தோட்டாவில் பிரைமர் கழன்றுவிடாமலிருக்க குழியின் வாயைச் சுற்றிப் பித்தளையை நசுக்கி விடுவார்கள். பழைய பிரைமரைத் தட்டி எடுத்த பிறகும் அந்த விளிம்பு அப்படியே நிற்கும், புதியதை இறங்க விடாது. ஸ்வேஜர் வைத்து அழுத்தியோ, ரீமர் வைத்துச் சுரண்டியோ ஒரு தடவை சரிசெய்தால் போதும். அதைச் செய்யாமல் எந்தக் கருவி வாங்கினாலும் இதே கதைதான்.

கொங்குக்காரி:
அண்ணன் சொல்வது சரி. ஆனாலும் கைக்கருவி வாங்குங்கள் என்றுதான் சொல்வேன். பிடியை அழுத்தும்போது முதலில் லேசான இறுக்கம், அப்புறம் 'டக்' என்று அடியில் போய் நிற்பது உள்ளங்கைக்கே தெரியும். நசுக்கல் இருந்தால் வாயிலேயே முட்டும். முட்டினால் பலம் போடாமல் நிறுத்திவிடுங்கள். மூட்டு வலி இருப்பவர்களுக்கு மட்டும் மேசையில் பொருத்தும் கருவி வசதி. எதில் ஏற்றினாலும் கண்ணாடி அணியுங்கள். பிரைமரில் ஈயம் உண்டு, முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

ஆஸ்டின்வாசி:
ரீமர் போட்டு, கைக்கருவியில் 40 கேஸ் ஏற்றினேன். 39 நன்றாக உள்ளே உட்கார்ந்துவிட்டன. அந்த 'டக்' இப்போது எனக்கும் தெரிகிறது, இருவருக்கும் மிக்க நன்றி! ஒன்றில் மட்டும் இறுக்கமே இல்லாமல் பிரைமர் வழுக்கிக்கொண்டு போனது. அதை என்ன செய்வது?

பழைய பித்தளை:
குழி தளர்ந்துவிட்டது. அந்தக் கேஸைப் பயன்படுத்த வேண்டாம், தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.