வெனிஸில் தங்க தோர்சொதூரோவா, மெஸ்த்ரேவா?

நாடோடி77:
அக்டோபரில் நானும் மனைவியும் வெனிஸில் ரெண்டு ராத்திரி. தீவுக்கு வெளியே நிலப்பகுதியில் இருக்கிற மெஸ்த்ரேயில் ஹோட்டல் பாதி விலை, ரயிலில் பத்து நிமிஷம். ஆனா நண்பர் ஒருத்தர், "தீவுக்குள்ளேயே தோர்சொதூரோ பேட்டையில் வாடகை வீடு எடு, ஸ்டூடண்ட்ஸும் ஓவியர்களும் இருக்கிற நிஜ வெனிஸ் அதுதான்" என்கிறார். எது சரி?

சுண்டல்வண்டி:
நண்பர் சொன்னதுதான். சான் மார்க்கோ சதுக்கத்துக் கூட்டத்துல நசுங்கிட்டு, மறுநாள் அக்காதெமியா மரப்பாலம் தாண்டி தோர்சொதூரோ வந்தோம். வேற ஊருக்கே வந்த மாதிரி இருந்தது. தெற்குப் பக்கம் ஸாத்தெரே கரை. மலையிலிருந்து மரங்களைத் தெப்பமாக் கட்டி மிதக்கவிட்டு இறக்கின இடம், பேருக்கே தெப்பங்கள்னுதான் அர்த்தம். தீராத நோய்க்காரங்களுக்குன்னு கட்டின பழைய ஆஸ்பத்திரி அங்கே இப்போ நுண்கலைக் கல்லூரி. ஸ்டூடண்ட்ஸ் கரையில காலைத் தொங்கப் போட்டுக்கிட்டு வெயில் காய்றாங்க.

சான் ட்ரொவாசோ வாய்க்காலுக்கு எதிர்க்கரையில நில்லுங்க. மலைக்காட்டு மரவீடு மாதிரி ஒரு படகுப் பட்டறை, முன்னால கவிழ்த்துப் போட்ட கோண்டோலாப் படகு. ஒருத்தர் அடிப்பாகத்தைச் சுரண்டிக்கிட்டிருந்தார், அரை மணி நேரம் நகரவே முடியலை. கோண்டோலா ரெண்டு பக்கமும் சமமா இருக்காது, தெரியுமா? ஒரே துடுப்பு, அதுவும் வலப்பக்கம். அதனால இடப்பக்கத்தை அகலமா வளைச்சுக் கட்டுறாங்க. இல்லைன்னா துடுப்புப் போடுறவன் நின்ன இடத்திலேயே சுத்துவான்.

வாடகைக்காரி:
அங்கே ரெண்டு வருஷம் படிச்சவள் நான். "நிஜ வெனிஸ்"னு யாராவது சொன்னாலே பத்திக்கிட்டு வருது. 1951-ல் அந்தத் தீவு நகரத்துல சுமார் 1,75,000 பேர். இப்போ 50,000-க்கும் கீழே. எங்க வீட்டுக்காரர் ஏப்ரலிலேயே சொல்லிட்டார், "சீசனுக்கு டூரிஸ்ட் வர்றாங்க, காலி பண்ணு". கடைசி வருஷம் முழுக்க மெஸ்த்ரேயிலிருந்து ரயிலில்தான் வந்து படிச்சேன். ஸ்டூடண்ட்ஸ் இருக்கிற பேட்டைன்னு ரசிச்சு நீங்க எடுக்கிற வீடுதான் ஸ்டூடண்ட்டுக்குக் கிடைக்காத வீடு.

சுண்டல்வண்டி:
அப்போ யாருமே வரக்கூடாதாம்மா? சான் பர்னபா தேவாலயத்துக்குப் பக்கத்துல காய்கறி விக்கிற படகுக்கு எங்களாலதான் வியாபாரம்.

வாடகைக்காரி:
தக்காளி வாங்கினீங்களா, போட்டோ எடுத்தீங்களா?

சுண்டல்வண்டி:
...போட்டோ.

கணக்குப்பிள்ளை:
இந்தச் சண்டையைப் பார்த்தால் அந்தப் படகுக்குப் பக்கத்திலிருக்கும் குத்துச்சண்டைப் பாலம்தான் நினைவுக்கு வருகிறது. ஊரின் இரண்டு கட்சிக்காரர்கள் அதன்மேல் நின்று அடித்துக்கொள்வார்கள். அப்போது கைப்பிடிச் சுவர் கிடையாது, தோற்றவன் தண்ணீரில். 1705-ல் தடை செய்துவிட்டார்கள். கால் வைத்து நின்ற தடம் மட்டும் இன்னும் கல்லில் இருக்கிறது.

நாடோடி சார், விஷயத்துக்கு வருகிறேன். பகலில் வந்து போகிறவர்களுக்கான நுழைவுக் கட்டணம் 2024, 2025 இரண்டிலும் ஏப்ரல்–ஜூலைக்குள் சில நாட்களுக்குத்தான் இருந்தது. மெஸ்த்ரேயும் அதே நகராட்சி. அங்கே தங்கினாலும் விலக்கு உண்டு. ஆக, பணக் கணக்கில் மெஸ்த்ரேதான். ஆனால் பகல் கூட்டம் கலைந்த பிறகுதான் அந்த ஊருக்கு மூச்சு வரும். அந்த நேரத்தில் நீங்கள் ரயில் பிடிக்க ஓடிக்கொண்டிருப்பீர்கள்.

வாடகைக்காரி:
அதை ஒத்துக்கறேன். ராத்திரி சாந்தா மார்கெரீத்தா சதுக்கத்தைப் பார்க்காம வராதீங்க. பட்டம் வாங்கினவன் தலையில இலைக் கிரீடம், கூட்டாளிங்க சுத்தி நின்னு கெட்ட பாட்டு பாடி மானத்தை வாங்குவாங்க, எல்லார் கையிலயும் ஆரஞ்சு நிற ஸ்ப்ரிட்ஸ் மது. தூக்கம் வேணும்னா மட்டும் அந்தச் சதுக்கத்தைப் பார்த்த ரூம் எடுக்காதீங்க, மேலே குடியிருக்கிற பாட்டிங்க விடுற சாபம் உங்களுக்கும் சேரும். தங்கறதுன்னா ஹோட்டலாப் பாருங்க. முழு வீடு வேண்டாம். நான் கேக்கறது அவ்வளவுதான்.

சுண்டல்வண்டி:
ரெண்டு குழந்தையோட போனா ஹோட்டல் கட்டுப்படியாகாது தங்கச்சி. அடுப்பு வேணும். உன் கோபம் வீட்டுக்காரன் மேலயும் நகராட்சி மேலயும் இருக்கணும், எங்க மேல இல்ல.

வாடகைக்காரி:
மூணு பேர் மேலயும் இருக்கு அண்ணே. கொஞ்சம் கொஞ்சம்.

நாடோடி77:
ஸாத்தெரேயிலிருந்து ரெண்டு சந்து உள்ளே சின்ன ஹோட்டல் ஒண்ணு போட்டாச்சு. மெஸ்த்ரேயை விட எவ்வளவு கூடன்னு மனைவிகிட்ட சொல்லலை. அவங்க கேக்கறது ஒண்ணுதான், அந்தப் படகுல கத்திரிக்காய் கிடைக்குமா?

வாடகைக்காரி:
கிடைக்கும், குண்டுக் கத்திரிக்காய். ஆனா ஹோட்டல்ல எங்கே வதக்குவீங்க?

சுண்டல்வண்டி:
நான் சொன்னேன்ல, அடுப்பு வேணும்னு!