புது டீசல் பிக்கப்பில் ஆயில் இறங்குகிறது, மலை ஓட்டத்துக்கு இது சகஜமா?

கோத்தகிரி கேரட்:

எல்லோருக்கும் வணக்கம். புதிதாக ஒரு டீசல் பிக்கப் எடுத்திருக்கிறேன். பிஎஸ்6 (புகை விதி), டர்போ, டிபிஎஃப் (புகையில் வரும் கரியைப் பிடிக்கிற வடிகட்டி) எல்லாம் உள்ள வண்டி. கேரட், பீட்ரூட், முட்டைகோஸ் ஏற்றிக்கொண்டு கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குவோம். திரும்பும்போது சில நாள் உர மூட்டை, பல நாள் காலி.

முதல் சர்வீஸில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றிக் கொடுத்தார்கள். அன்றைக்கு ஆயில் அளவு பார்க்கிற ஸ்டிக்கில் மேல் கோடு வரை இருந்தது. அதற்குப் பிறகு 1,800 கி.மீ. ஓடியிருக்கிறது. இப்போது பார்த்தால் இரண்டு கோட்டுக்கும் நடுவே பாதிக்கும் கீழே நிற்கிறது. எங்கள் வீட்டு முன்னால் இறக்கம் என்பதால் டவுனில் பங்க்கில் நிறுத்தித்தான் பார்க்கிறேன். வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வைத்துப் பார்த்தேன், ஒரு சொட்டு இல்லை. சைலன்சரில் நீலப் புகையும் இல்லை. இழுவையிலும் குறையில்லை.

சர்வீஸ் சென்டரில் "புது இன்ஜின் அப்படித்தான், குறைந்தால் ஊற்றிக்கொள்ளுங்கள்" என்றார்கள். எங்கள் ஊர்ப் பட்டறையில் "20டபிள்யூ-50 கெட்டி ஆயில் போடு, ஆயில் குடிக்கிறது நின்றுவிடும்" என்கிறார்கள். கையேட்டில் 5டபிள்யூ-30 என்று போட்டிருக்கிறது. மாதாமாதம் தவணை கட்டுகிற வண்டி, வாரன்டியும் கெடக்கூடாது. யார் சொல்வதைக் கேட்பது? அடுத்த ஆயில் சேஞ்சை முன்கூட்டியே செய்துவிடலாமா?

கட்டபெட்டு இலை வண்டி:

தம்பி, முதலில் பயப்படாதீங்க. நான் தேயிலைத் தோட்டங்களில் பச்சை இலை எடுத்து ஃபேக்டரிக்குக் கொண்டுபோகிறவன். என் வண்டியும் புதிதில் இப்படித்தான் இறங்கியது. போகப் போகக் குறைந்தது.

ஆனால் அளவை நம்புவதற்கு முன் ஒன்றைச் சரிபாருங்கள். பங்க் தரையும் தண்ணீர் வடிவதற்காகக் கொஞ்சம் சாய்வாகத்தான் போட்டிருப்பார்கள். இன்ஜின் அடியில் ஆயில் தேங்குகிற சம்பில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கினால் ஸ்டிக்கில் கோடு மாறிவிடும். அதனால் ஒரே இடம், வண்டியின் மூக்கு ஒரே பக்கம், இதை மாற்றவே கூடாது. இன்ஜினை அணைத்துப் பத்து நிமிஷமாவது விடுங்கள், மேலே ஒட்டியிருக்கிற ஆயில் கீழே இறங்க வேண்டும். கம்பியை உருவி, வேஸ்ட் துணியால் துடைத்து, முழுக்கச் செருகி மறுபடி எடுங்கள். கம்பியின் ஒரு பக்கம் ஆயில் மேலே வரை இழுத்துக்கொண்டு நிற்கும், இன்னொரு பக்கம் கீழே தெளிவாகக் கோடு தெரியும். கீழே இருக்கிற கோடுதான் கணக்கு. புது ஆயில் தேன் நிறத்தில் இருக்கும்போது அந்தக் கோடு சட்டென்று கண்ணில் படாது. கம்பியை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள்.

அப்புறம் இன்னொன்று. கீழ்நாட்டில் 1,000 கி.மீ. என்பது இன்ஜினுக்கு இருபது, இருபத்தைந்து மணி நேர வேலை. நம் ரோட்டில் அதே 1,000 கி.மீ. ஓட ஐம்பது மணி நேரம் ஆகும். அதுவும் ஃபர்ஸ்ட், செகண்ட் கியரில். கிலோமீட்டரை மட்டும் வைத்து அவர்களோடு ஒப்பிட்டால் நம் வண்டிதான் குற்றவாளி மாதிரித் தெரியும்.

காரமடை டீசல் பட்டறை:

அண்ணன் சொன்னது சரி. தம்பி கேட்ட கேள்விக்கு வருகிறேன்.

புது இன்ஜினில் பிஸ்டன் ஓடுகிற லைனர் சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய ஹோனிங் கோடுகள் இருக்கும். பிஸ்டனைச் சுற்றியிருக்கிற ரிங்குகள் அந்தச் சுவரில் உரசி உரசித்தான் சரியாக உட்காரும். அது வரை கொஞ்சம் ஆயில் மேலே ஏறி எரியும். ரிங்கைச் சுவரோடு அழுத்திப் பிடிப்பது உள்ளே எரிகிற வாயுவின் அழுத்தம். லோடோடு ஏறும்போது அழுத்தம் நன்றாக இருக்கும், ரிங் உட்காரும். நீங்கள் லோடோடு இறங்கி, காலியாக ஏறுகிறீர்கள். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கி.மீ.க்குள் 1,400 மீட்டருக்கு மேல் இறக்கம். ஆக்ஸிலரேட்டரில் கால் வைக்காமல், கியரில் பிடித்து, இன்ஜின் வேகமாகச் சுற்றிக்கொண்டே வரும். டீசல் எரியாததால் ரிங்குக்குப் பின்னால் அழுத்தம் குறைவு. ஆயில் மேலே நழுவ நல்ல வாய்ப்பு. உங்கள் ஓட்டத்தில் இதுதான் முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இதைப் படித்துவிட்டு யாரும் நியூட்ரலில் இறங்க வேண்டாம். கை கூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனால் ஆயில் கணக்கெல்லாம் எதற்கு? கியரில்தான் இறங்க வேண்டும். குறைகிற ஆயிலை ஊற்றிக்கொள்ளலாம்.

கெடுதல் செய்வது இன்னொரு பழக்கம். மண்டி வாசலில் வரிசையில் நிற்கும்போதும், காலைக் குளிரில் சூடேறட்டும் என்றும் இன்ஜினை ஸ்லோவில் வெகுநேரம் ஓடவிடுவது. அப்போது அரைகுறையாக எரிந்த டீசலும் ஆயிலும் லைனரில் மெருகு போலப் படிந்து அந்த ஹோனிங் கோட்டை மூடிவிடும். அதற்கப்புறம் ரிங் உட்காரவே உட்காராது. ஸ்டார்ட் செய்து அரை நிமிஷம், ஒரு நிமிஷம் போதும், பிறகு மெதுவாக ஓட்டியே சூடாக்குங்கள். மலை ஏறி வந்தால் மட்டும் அணைப்பதற்கு முன் ஒரு நிமிஷம் ஸ்லோவில் விடுங்கள். டர்போ சூட்டோடு நின்றால் அதன் பேரிங்கில் இருக்கிற ஆயில் கருகிவிடும்.

20டபிள்யூ-50 வேண்டவே வேண்டாம். பழைய வண்டிகளில் அதைப் போட்டுச் சமாளித்தோம், அது வேறு காலம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 வந்த பிறகு கதை மாறிவிட்டது. ஆயில் எரிந்தால் அதில் கலந்திருக்கிற கால்சியம், துத்தநாகம் எல்லாம் சாம்பலாக டிபிஎஃப்பில் போய் உட்காரும். கரியை வண்டியே சூடேற்றி எரித்துவிடும், சாம்பலை எரிக்க முடியாது. அதனால்தான் சாம்பல் குறைந்த ஆயில் கேட்கிறார்கள். டீசலிலும் கந்தகம் 50 பிபிஎம்மிலிருந்து 10 ஆகக் குறைந்துவிட்டதால் அமிலத்தைத் தாங்க அவ்வளவு மருந்து ஆயிலில் தேவைப்படுவதில்லை. 5டபிள்யூ-30 என்ற எண் மட்டும் பொருந்தினால் போதாது. கையேட்டில் ஏசிஇஏ சி2, சி3 என்றோ ஏபிஐ சிகே-4 என்றோ எந்தத் தரக் குறியீடு இருக்கிறதோ அந்த எழுத்து டப்பாவிலும் இருக்க வேண்டும். ஜனவரி விடியலில் ஊட்டிப் பக்கம் உறைபனி, மதியம் மேட்டுப்பாளையத்தில் வெயில். இரண்டுக்கும் ஒரே ஆயில் ஈடு கொடுக்க வேண்டுமே, கெட்டி ஆயில் காலையில் டர்போவுக்குப் போய்ச் சேரவே நேரமாகும்.

நீலப் புகை இல்லை என்பதையும் ஆறுதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். டிபிஎஃப் வண்டியில் ஓரளவு ஆயில் எரிந்தாலும் புகை வெளியே தெரியாது. ஸ்டிக்தான் சாட்சி.

கோத்தகிரி கேரட்:

ரொம்ப நன்றிண்ணா. மண்டி வரிசையில் ஸ்லோவில் விடுகிற பழக்கம் இங்கே எல்லா வண்டிக்கும் உண்டு, இனி அணைத்துவிடச் சொல்கிறேன். எவ்வளவு குறைந்தால் சர்வீஸ் சென்டரில் உட்கார்ந்து கேட்கலாம்?

காரமடை டீசல் பட்டறை:

பல கம்பெனிக் கையேடுகளில் 1,000 கி.மீ.க்கு அரை லிட்டர் வரை சகஜம் என்று இருக்கும், சிலவற்றில் இன்னும் கூடுதல். உங்கள் கையேட்டில் என்ன என்று பாருங்கள். நிறைய இன்ஜின்களில் இரண்டு கோட்டுக்கும் நடுவே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். அந்தக் கணக்கில் உங்களுக்கு 1,000 கி.மீ.க்கு முந்நூறு மில்லி சொச்சம். கேட்கலாம், சண்டை போடுகிற அளவு இல்லை.

ஆனால் வாயால் கேட்காதீர்கள். ஆயில் அளவுச் சோதனை செய்யுங்கள் என்று ஜாப் கார்டில் எழுத வையுங்கள். மேல் கோடு வரை நிரப்பி, கிலோமீட்டரைக் குறித்து, ஆயில் வடிக்கிற டிரெய்ன் போல்ட்டிலும் ஃபில்டரிலும் அடையாளம் வைத்து அனுப்புவார்கள். 1,000 கி.மீ. கழித்து அவர்களே பார்க்க வேண்டும். அந்தத் தாள் வாரன்டிக்கு மிக முக்கியம். வழியில் ஆயில் ஊற்றினால் அதே தரம், பில்லோடு வாங்குங்கள். போகிறபோதே டர்போவிலிருந்து காற்று போகிற இன்டர்கூலர் ஹோஸைக் கழற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே லேசான ஈரம் இருந்தால் பரவாயில்லை. தேங்கி வழிந்தால் டர்போ சீல் மேல் சந்தேகம்.

பூம்பாறை பூண்டு:

கொடைக்கானல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பூண்டு ஏற்றி வடுகபட்டி சந்தைக்குப் போகிற வண்டி. எனக்கு நேர்மாறான பிரச்சினை, அதைச் சொன்னால் உதவும். ஆயில் குறையவில்லை, ஏறியது! மேல் கோட்டைத் தாண்டி நின்றது. முகர்ந்தால் டீசல் வாடை.

டிபிஎஃப் கரியை எரிக்க வண்டி கூடுதலாக டீசல் அடிக்கும். பாதியில் நாம் வண்டியை அணைத்துவிட்டால், திரும்பத் திரும்ப அப்படி நடந்தால், அந்த டீசல் லைனர் வழியாக ஆயிலில் கலக்கும். பூம்பாறைக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே சின்னச் சின்ன ஓட்டமாக ஓடியதில் வந்த வினை. ஆயில் நீர்த்துப்போனால் பேரிங் தேய்ந்துவிடும், மட்டம் ரொம்ப ஏறினால் இன்ஜின் தன் ஆயிலையே உறிஞ்சி அடங்காமல் ஓடக்கூடும். உடனே மாற்றினேன். இப்போது கீழே இறங்குகிற நாளில் வத்தலக்குண்டு ரோட்டில் நிறுத்தாமல் சீராகக் கொஞ்ச தூரம் ஓட்டிவிடுகிறேன்.

தம்பி ஆயில் ஊற்றும்போதும் கவனம். கால் லிட்டர் ஊற்றி, காத்திருந்து, பார்த்து, அப்புறம்தான் அடுத்தது.

கட்டபெட்டு இலை வண்டி:

முன்கூட்டியே ஆயில் சேஞ்ச் பற்றி யாரும் சொல்லவில்லையே. கையேட்டில் சாதாரண ஓட்டம், கடினமான ஓட்டம் என்று இரண்டு அட்டவணை இருக்கும். மலை, லோடு, குளிர், நின்று நின்று ஓடுவது எல்லாம் இரண்டாவதில் வரும். பெரும்பாலும் முதல் அட்டவணையில் உள்ள கிலோமீட்டரில் பாதியிலேயே மாற்றச் சொல்வார்கள். அதைப் பின்பற்றினால் போதும். டீசல் ஆயில் சீக்கிரமே கறுக்கும், கறுப்பைப் பார்த்து மாற்ற வேண்டாம். ஃபில்டரை மட்டும் ஒருபோதும் விடாதீர்கள், டிரெய்ன் போல்ட் வாஷரும் ஒவ்வொரு முறையும் புதிது.

கோத்தகிரி கேரட்:

சோதனை முடிந்தது, எழுதிவிடுகிறேன். ஜாப் கார்டில் எழுதி வாங்கினேன். 1,000 கி.மீ.க்கு 250 மில்லி குறைந்திருக்கிறது. இன்டர்கூலர் ஹோஸில் ஈரம் மட்டும்தான். முதல் அளவைவிடக் குறைவு என்பதால் இன்னொரு 1,000 கி.மீ. ஓட்டிவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். ஏறும்போது உரம் கிடைக்கிற நாளாகப் பார்த்து லோடோடு வருகிறேன்.

ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி. ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் உள்பக்கம் வெள்ளையாக, வெண்ணெய் மாதிரி ஒட்டியிருக்கிறது. ஹெட் கேஸ்கட் போய் கூலன்ட் ஆயிலில் கலக்கிறதா?

காரமடை டீசல் பட்டறை:

இந்தக் குளிரில் மூடியில் மட்டும் இருந்தால் நீராவி குளிர்ந்து படிந்தது. துடைத்துவிட்டு, மேட்டுப்பாளையம் போய் வந்த பிறகு பாருங்கள். ஸ்டிக்கிலும் அதே வெள்ளை வந்தாலோ, கூலன்ட் டப்பாவில் மட்டம் இறங்கினாலோ வண்டியை ஓட்டாதீர்கள், அங்கேயே நிறுத்தி டோ செய்து கொண்டுபோங்கள்.