காசிமேட்டுல ஒவ்வொரு சங்கமும் தனித்தனியா மெடிக்கல் கேம்ப் போடறோம், சேர்ந்து செய்யறதுக்கு வழி சொல்லுங்க

கடலோரத்துப் பையன் கேட்டது:

எல்லாருக்கும் வணக்கம். நான் காசிமேடு, எங்க தெரு இளைஞர் மன்றத்துல செயலாளரா இருக்கேன். எங்க ஏரியால மன்றம், மகளிர் குழு ஏழெட்டு, சர்ச்சு பசங்க, பள்ளிவாசல் ஜமாத், படகுக்காரங்க சங்கம், ஆட்டோ ஸ்டாண்ட் அண்ணனுங்கன்னு எல்லாரும் வருஷத்துக்கு ஒரு தடவையாச்சும் கேம்ப் போட்டுடுவோம், ஷாமியானா போட்டு சேர் போட்டு டாக்டருங்கள வரவச்சு டீ பிஸ்கட் குடுத்து நல்லாத்தான் நடக்கும். போன வருஷம் ரெண்டு மாசத்துக்குள்ள மூணு கேம்ப்பு, அதே தெரு, அதே ஜனம்.

எங்க பக்கத்து வீட்டு அத்தை மீன் விக்கறவங்க. மூணு கேம்ப்லயும் வரிசைல நின்னு பிபி பாத்துக்கிட்டாங்க. மூணு சீட்டுலயும் 190க்கு மேலதான் எழுதியிருக்கு, அரசு மருத்துவமனையில் காட்டவும்னு கீழ எழுதியும் இருக்கு. அத்தை அந்த சீட்ட எல்லாம் மடிச்சு சுருக்குப்பைல காசோட வச்சிருந்தாங்க. தலைவலி இல்ல மயக்கம் இல்ல, ராத்திரி 2 மணிக்கு எழுந்து ஏலத்துக்கு ஓடறவங்க எப்ப போய் காட்டுவாங்க. தை மாசம் ஒருநாள் விடியக்காலைல கூடைய தூக்கறப்ப வலது கை கால் இழுத்துக்கிச்சு, வாய் கோணி பேச்சும் போயிடுச்சு. ஆஸ்பத்திரில ஆதார் கார்டு கேட்டாங்கன்னு பைய தொறந்தேன், மூணு சீட்டும் உள்ள இருக்கு. அதுல ஒண்ணு எங்க மன்றத்து சீட்டு, என் கையெழுத்து.

அதுக்கப்புறம் கேம்ப்னு பேச்சு எடுத்தாலே எனக்கு மனசு வரல. எல்லாரும் ஒண்ணா சேர்ந்தா அந்த மூணு சீட்டுல ஒண்ணையாவது யாராவது பின்னாடியே போய் கேட்டிருப்போம்னு தோணுது. ஆனா சேரலாம்னு சொன்னாலே பேனர்ல யார் பேரு மேல வரும், காசு யார் கைல இருக்கும்னு அங்கயே நின்னு போகுது. உங்க ஏரியால யாராச்சும் இத செஞ்சு பாத்திருந்தா எங்கிருந்து ஆரம்பிச்சீங்கன்னு சொல்லுங்க.

பழைய வண்ணை சிஸ்டர் எழுதினது:

தம்பி, நான் 30 வருஷத்துக்கு மேல கவர்மென்ட் ஆஸ்பத்திரில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. உன் கையெழுத்துன்னு மனசுல வச்சுக்கிட்டு குமையாத, நீயாவது அந்த பைய தொறந்து பாத்து இங்க வந்து கேக்கற. கேம்ப் போட்டது தப்பு இல்லப்பா, சாயங்காலம் ஷாமியானாவ பிரிக்கறப்ப அந்த லிஸ்ட்டயும் சேத்து மூட்டை கட்டிடறோம் பாரு, தப்பு அங்கதான் இருக்கு.

அடுத்த கேம்புக்கு தேதி குறிக்கறதுக்கு முன்னாடி உங்க வார்டு நலவாழ்வு மையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் டாக்டரையும் சிஸ்டரையும் பாரு. நலவாழ்வு மையம் காலைல 8ல இருந்து 12 வரைக்கும், சாயங்காலம் 4ல இருந்து 8 வரைக்கும் தொறந்திருக்கும், மீன் வித்துட்டு வர்ற பொம்பளைங்களுக்கு அந்த சாயங்கால நேரம் தான் தோது. 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் இருக்கு இல்ல, பிபி சுகருக்கு வீட்டுக்கே மாத்திரை வரும், படுத்தவங்களுக்கு பிசியோதெரபிக்கும் ஆள் வருவாங்க. உங்க அத்தை பேர மொதல்ல அதுல எழுது. வீடு வீடா வர்ற அந்த பொண்ணுங்க பல பேரு மகளிர் குழுவுல இருந்து வந்தவங்கதான், அதனால உங்க தெரு குழு அக்காவுக்கு யார கேக்கணும்னு தெரிஞ்சிருக்கும்.

அப்புறம் ஒரே நோட்டு. எத்தன சங்கம் வேணா இருக்கட்டும், நோட்டு ஒண்ணுதான். தெருவ பிரிச்சுக்குங்க, இந்த சந்து மன்றம், அந்த சந்து ஜமாத்துன்னு. கேம்ப்ல யாருக்கு 140/90க்கு மேல வந்துச்சோ அவங்கள உக்கார வச்சு அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி பாருங்க, வெயில்ல வரிசைல நின்னுட்டு வந்த ஒடனே பாத்தா யாருக்குமே ஏறித்தான் காட்டும். ரெண்டாவது தடவையும் ஏறியிருந்தா அந்த வாரத்துக்குள்ள அந்த சந்துக்காரங்க கூட போய் மையத்துல காட்டி மாத்திரை ஆரம்பிச்சாச்சான்னு நோட்டுல எழுதணும், அடுத்த மாசம் முழுங்கறாங்களான்னு திரும்ப போய் கேக்கணும். 180/120க்கு மேலன்னா அன்னைக்கே டாக்டர் பாக்கணும், அதோட நெஞ்சு வலியோ மூச்சு வாங்கறதோ கண்ணு மங்கறதோ இருந்தா ஒடனே 108தான். கை மரத்து வாய் கோணினா பிபி எவ்வளவுன்னு பாத்துக்கிட்டு நிக்காதீங்க, சோடா குடுத்து படுக்க வைக்காதீங்க, நேரா ஸ்டான்லி மாதிரி பெரிய ஆஸ்பத்திரி. ஸ்கேன் பாத்து ரத்தக்கட்டிய கரைக்கற ஊசி போடறதுக்கு நாலரை மணி நேரம்தான் கணக்கு. எப்ப இருந்து இப்படி இருக்குன்னு டாக்டர் மொதல்ல கேப்பாரு, வீட்டுல இருந்தவங்க மணிய பாத்து வச்சிருக்கணும்.

லாஞ்சு டிரைவர் எழுதினது:

சிஸ்டர் சொன்னது கரெக்டு, ஆனா நம்ம ஆம்பளைங்கள யாரும் கணக்குல எடுத்துக்கல. நான் 22 வருஷமா போட்டுல போறேன், எனக்கும் சுகர் கீது. மாத்திரை குடுக்க வர்ற பொண்ணு வீட்டுக்கு வர்றப்ப நான் கடல்ல இருப்பேன், நான் கரைக்கு வந்தா மீன் எறக்கற வேலை, அப்புறம் தூக்கம், திரும்ப பத்து நாள் கடல். வூட்டுல மாத்திரை இருக்கும், போட்டுல இருக்காது, எடுத்துக்கினு போனாலும் ஈரத்துல அட்டை நனைஞ்சு பிஞ்சு போயிடும். பத்து நாள் போடாம இருந்துட்டு கரைக்கு வந்து ஒரே நாள்ல ரெண்டு ரெண்டா போடற ஆளுங்கள எனக்கே தெரியும், அது எவ்ளோ ஆபத்துன்னு அவங்களுக்கு யாரும் சொன்னது இல்ல.

நீ கேம்ப் வைக்கறதுன்னா தடைக்காலத்துல வை தம்பி. ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் போட்டு எல்லாம் கரைல கட்டி கிடக்கும், வலை பின்னிக்கினு எல்லாரும் ஹார்பர்லயே இருப்போம். தெருவுல ஷாமியானா போட்டா நாங்க வரமாட்டோம், வலை பின்ற எடத்துக்கு மிஷின எடுத்துக்கினு வா. படகு சங்கத்துக்காரங்க கிட்ட இத மட்டும் கேளு, டீசல் ஐஸு அரிசி ஏத்தறப்ப மாத்திரையும் ஏத்தணும், மூடி டைட்டான பிளாஸ்டிக் டப்பால ஆள் பேரு எழுதி டிரைவர் கேபின்ல வைக்கணும். நாங்க எங்க போட்டுல அப்படித்தான் வச்சிருக்கோம், சாப்பாட்டு நேரத்துல சமையல்காரத் தம்பி எடுத்து குடுப்பான்.

முல்லை நகர் கோல்கீப்பர் எழுதினது:

ப்ரோ நான் வியாசர்பாடி. பிபி சுகர் மட்டும் பாக்காதீங்க, டிபியையும் சேத்துக்கங்க. எனக்கு காலேஜ் ரெண்டாவது வருஷம் வந்துச்சு, ரெண்டு வாரத்துக்கு மேல இருமல், சாயங்காலமானா காய்ச்சல், ராத்திரி வேர்வை, கிரவுண்ட்ல பாதி ஓடறதுக்குள்ள மூச்சு வாங்கும், நான் சிகரெட்டாலன்னு நெனச்சு விட்டுட்டேன். சளி டெஸ்டும் ஃப்ரீ மாத்திரையும் ஃப்ரீ, 6 மாசம் விடாம போட்டேன், இப்ப ஃபுல் மேட்ச் ஆடறேன்.

மாத்திரைய விட சாப்பாடுதான் எனக்கு கஷ்டமா இருந்துச்சு. வெறும் வயித்துல அந்த மாத்திரைய போட்டா பொரட்டி எடுக்கும். கவர்மென்ட் மாசம் 500 ரூபா குடுத்துட்டு இருந்தாங்க, 2024 நவம்பர்ல இருந்து 1000 ஆக்கிட்டாங்க, ஆனா ஒரு ஆளு மாசம் பூரா முட்டை பருப்பு பால்னு சாப்பிட அது பத்தாது. நிக்ஷய் மித்ரான்னு ஒண்ணு இருக்கு, எந்த சங்கமும் பதிவு பண்ணி பேஷண்டுங்களுக்கு மாசா மாசம் சத்துணவு பை குடுக்கலாம். உங்க ஜமாத்தும் சர்ச்சும் மன்றமும் தலைக்கு நாலு பேருன்னு எடுத்துக்கிட்டா போதும். பேஷண்டுக்கு மட்டும் இல்ல, வீட்டு ஆளுங்களுக்கும் சேத்து குடுக்கணும். ஜார்க்கண்டுல பண்ண ஆராய்ச்சி ஒண்ணு 2023ல வந்துச்சு, வீட்டுல இருக்கறவங்களுக்கு நல்ல சாப்பாடு குடுத்தா அவங்களுக்கு டிபி வர்றது 40 சதவீதம் கிட்ட குறையுதுன்னு.

ஆனா ப்ரோ பேரு விஷயத்துல ஜாக்கிரதை. எங்க பக்கம் ஒரு குரூப் நல்ல மனசோடதான் அரிசி மூட்டை குடுத்தாங்க, குடுக்கறப்ப போட்டோ எடுத்து வாட்ஸாப்ல போட்டுட்டாங்க. அதுல இருந்த அக்காவுக்கு பேசி வச்சிருந்த கல்யாணம் நின்னு போச்சு, அவங்க பாதி மாத்திரைலயே நிறுத்திட்டாங்க. திரும்ப ஆரம்பிக்க வைக்க நாங்க அவங்க வீட்டுக்கு எத்தன தடவை போனோம்னு கணக்கே இல்ல. டிபி பேரு எல்லாம் அந்த ஒரே நோட்டுல வரவே கூடாது, அது சுகாதார நிலையத்துல இருந்தா போதும், பைய கொண்டு போய் குடுக்க நம்பிக்கையான ஒரு ஆளுக்கு மட்டும் வீடு தெரிஞ்சா போதும்.

பழைய வண்ணை சிஸ்டர் எழுதினது:

கோல்கீப்பர் தம்பி சொன்னத ரெண்டு தடவை படிங்க, நான் நோட்டு நோட்டுன்னு சொன்னேனே தவிர இத யோசிக்கல. டிபி பேர தனியாவே வையுங்க.

இன்னொண்ணு, டிபிக்கு வீட்டுல இருந்தே வைத்தியம் பாக்கலாம்னு உலகத்துக்கு காட்டினதே நம்ம மெட்ராஸ்தான். 1956ல ஆரம்பிச்சு, நெருக்கமான வீட்டுல இருந்த ஏழை ஜனங்கள்ல பாதி பேர சானடோரியம்னு சொல்ற டிபி ஆஸ்பத்திரிலயும் பாதி பேர வீட்டுலயும் வச்சு ஒரு வருஷம் மாத்திரை குடுத்து பாத்தாங்க, வீட்டுல இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்கு குணமானாங்க, கூட இருந்த குடும்பத்துக்கும் அதனால அதிகமா தொத்தல. அதையும் ஒருத்தரா செய்யல, நம்ம மாநில அரசு, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்னு நாலு பேர் சேர்ந்து செஞ்சது. அந்த எடம்தான் இப்ப சேத்துப்பட்டுல இருக்கற காசநோய் ஆராய்ச்சி நிலையம்.

எண்ணூர் குப்பத்து அக்கா எழுதினது:

நோட்டு போடறதுன்னா இன்னொரு கோடும் போட்டுக்கங்க தம்பி. மூச்சு வாங்கறது, கொழந்தைங்களுக்கு வீசிங், கண்ணு எரிச்சல், தோல் அரிப்பு, எந்த தெரு எந்த தேதின்னு. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய் வந்து முகத்துவாரம் பூரா கருப்பாச்சு, எங்க ஆளுங்க வெறும் கையால மொண்டு எடுத்தாங்க, அந்த மாசமே 26ந்தேதி நடுராத்திரி அமோனியா கசிஞ்சு கொழந்தைய தூக்கிக்கிட்டு ஓடினோம். அப்புறம் மனு குடுக்க போனா எத்தன பேருக்கு என்ன வந்துச்சுன்னு கேக்கறாங்க, எங்க கைல எழுதி வச்சது ஒண்ணும் இல்ல. பேரு வேணாம், எண்ணிக்கை போதும். மாத்திரை குடுத்துட்டே இருக்கலாம், அந்த காத்த பத்தி கேக்கணும்னா எல்லா சங்கமும் ஒரே மனுவுல கையெழுத்து போட்டாதான் காது குடுத்து கேப்பாங்க.

கடலோரத்துப் பையன் எழுதினது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, பதில் போட ரெண்டு வாரம் ஆயிடுச்சு, மன்னிக்கணும். நேத்து ராத்திரி மன்றத்துல எல்லாரும் உக்காந்து பேசினோம். பேனர் பிரச்சனைய மகளிர் குழு அக்காதான் முடிச்சு வச்சாங்க, பேனரே வேணாம், அந்த காசுக்கு ரெண்டு பிபி மிஷின் வாங்குங்கன்னுட்டாங்க, யாரும் எதிர்த்து பேசல. நோட்டு அவங்க கிட்டயே இருக்கும். ஆறு சந்து பிரிச்சாச்சு. படகு சங்கத்துல டப்பா விஷயத்துக்கு சரின்னுட்டாங்க, தடைக்காலம் ஆரம்பிச்ச மொத வாரம் ஹார்பர்லயே பாக்கறதா முடிவு. டிபி சாப்பாட்டு பைக்கு ஜமாத் பெரியவரும் சர்ச்சு அண்ணனும் சேர்ந்து பதிவு பண்றாங்க, போட்டோ கிடையாதுன்னு எழுதியே வச்சுட்டோம். எண்ணூர் அக்கா சொன்ன கோடும் போட்டாச்சு. அத்தைக்கு பிசியோதெரபி அண்ணன் வர ஆரம்பிச்சுட்டாரு, இடுப்புல கை குடுத்தா வாசல் வரைக்கும் நடக்கறாங்க, பேச்சுதான் இன்னும் சரியா வரல.

சிஸ்டர், மிஷினோட வந்த பட்டை பெரிய கை இருக்கறவங்களுக்கு சுத்தவே பத்தல, அப்படியே இறுக்கி பாக்கலாமா?

பழைய வண்ணை சிஸ்டர் எழுதினது:

பாக்காத, சின்ன பட்டைய இறுக்கினா இல்லாத பிபிய காட்டும். பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெரு சர்ஜிகல் கடைல பெரிய சைஸ் பட்டை தனியா கேளு, மிஷின கையோட எடுத்துட்டு போ, ட்யூப் சேருதான்னு அங்கயே மாட்டி பாத்து வாங்கு.