நைலோன் புஷ் மாலையில் சரியாக இருந்து காலையில் ஏன் இறுகுகிறது?

கேள்வி: கிராண்ட்பாஸ் லேத்

வணக்கம். கிராண்ட்பாஸில் ஒரு சிறிய பட்டறையில் மூன்று ஆண்டுகளாக லேத் (கடைசல் இயந்திரம்) ஓட்டுகிறேன். பித்தளையும் மைல்ட் ஸ்டீலும் எனக்குக் கைவந்த வேலை; நைலோன்தான் இன்னமும் அலைக்கழிக்கிறது. சென்ற கிழமை ஒரு தொழிற்சாலையின் கன்வேயருக்காக 40 மில்லிமீற்றர் நைலோன் கோலிலிருந்து 20 புஷ் (தண்டு உள்ளே சுழலும் உருளை வளையம்) கடைந்தேன். வெளிவிட்டம் 35, உள்விட்டம் 25.05, அதாவது 25 மில்லிமீற்றர் தண்டுக்குப் பித்தளையில் விடும் அதே 0.05 இடைவெளி. ஒவ்வொன்றையும் வெட்டி எடுத்தவுடனே வேர்னியரால் அளந்தேன், தண்டையும் விட்டுப் பார்த்தேன், தடையின்றி ஓடியது. மறுநாள் காலையில் அதே தண்டு ஏழு புஷ்களில் நுழையவே இல்லை. மீதிப் பதின்மூன்றும், வாடிக்கையாளர் இரும்புக் கூட்டுக்குள் அடித்து இறக்கிய பிறகு, தண்டை இறுகப் பிடித்துக்கொண்டன. முதலாளி இதை என் கவனக்குறைவு என்கிறார். வேர்னியரின் பூச்சியத்தைச் சரிபார்த்துவிட்டேன், அதில் பிழையில்லை. சீவல் அறுபடாமல் நாடாவாக நீண்டு, துண்டைப் பிடித்துச் சுழற்றும் சக்கில் சுற்றிக்கொள்வதும் பெரிய தொல்லையாக இருக்கிறது; கையுறை போட்டுக்கொண்டு, மெஷின் ஓடும்போதே அதை இழுத்து எடுக்கிறேன். நான் எங்கே பிழை விடுகிறேன் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பதில்: பழைய கடைசல்காரன், தெமட்டகொடை

தம்பி, வேலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் அந்தக் கையுறையைக் கழற்றி வையுங்கள். நைலோன் சீவல் இரும்புச் சீவலைப் போல் உடையாது. ஒரு முனை சக்கிலும் மறுமுனை உங்கள் விரலிலும் சுற்றியிருந்தால், கையுறைத் துணி விரலை விடுவிக்காமல் கையோடு சேர்த்து உள்ளே இழுத்துவிடும். நான் வேலை பழகிய பட்டறையில் ஒருவர் இரண்டு விரல்களை இப்படித்தான் இழந்தார். மெஷினை நிறுத்தி, கம்பிக் கொக்கியால் சீவலை எடுக்க அரை நிமிடம் போதும்.

இனி அளவுக்கு வருவோம். நீங்கள் அளந்தது சூடான நைலோனை. இரும்பில் வெட்டும் சூட்டின் பெரும்பகுதி சீவலோடு போய்விடும், மிஞ்சுவதும் துண்டு முழுவதும் பரவிவிடும். நைலோன் வெப்பத்தை எளிதில் கடத்தாததால், வெட்டிய இடத்திலேயே சூடு தங்கிவிடுகிறது. ஒரு பாகை சூடேறினால் நைலோன் இரும்பைவிட ஏறத்தாழ ஏழு மடங்கு விரியும். உங்கள் 25 மில்லிமீற்றர் துளை 20 பாகை சூடேறியிருந்தால் ஏறத்தாழ 0.045 பெரிதாகியிருக்கும். நீங்கள் விட்ட இடைவெளி முழுவதும் அந்தச் சூட்டுக்கே போய்விட்டது. போதாததற்கு, வேர்னியரின் உள்தாடையைச் சற்று அழுத்தினாலும் நைலோன் விட்டுக்கொடுத்து, உள்ளதைவிடப் பெரிய அளவைக் காட்டும். நைலோனுக்கு இடைவெளி கூடுதலாக வேண்டும்; ஆகவே துளையை அளந்து பார்க்க, இரும்பில் 25.15, 25.25 என இரண்டு முளைகளைக் கடைந்து வைத்துக்கொள்ளுங்கள். சின்ன முளை நுழைந்து பெரியது நுழையாவிட்டால் அளவு சரி.

சூட்டைக் குறைக்கும் வழி டூலில் இருக்கிறது. இரும்பு வெட்டிய டிப்பாலேயே (டூலின் வெட்டும் முனை) நைலோனையும் வெட்டினீர்களா? இரும்புக்குப் போதுமான கூர்மை நைலோனுக்கு மொட்டை; அது வெட்டாமல் தேய்க்கும், தேய்த்தால் சூடேறும். அலுமினியத்துக்கென்று வரும், பூச்சில்லாத பளபளப்பான டிப்போ, எண்ணெய்க் கல்லில் தீட்டிய ஹை ஸ்பீட் ஸ்டீல் டூலோ போடுங்கள். வேகத்தையும் இரும்புக்குரியதாக வைக்க வேண்டாம். 40 மில்லிமீற்றர் மைல்ட் ஸ்டீலை நிமிடத்துக்கு 240 சுற்றில் வெட்டினால், அதே பருமனுள்ள நைலோனை 1200 சுற்றுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் ஊட்டத்தை (ஒரு சுற்றுக்கு டூல் நகரும் தூரத்தை) மிக நுணுக்கமாக வைத்தால் மீண்டும் தேய்ப்புத்தான். முதலில் எல்லாவற்றையும் ஒரு மில்லிமீற்றர் மிச்சம் விட்டுக் கடைந்து, இரவு முழுவதும் ஆறவிட்டு, மறுநாள் முடிப்பு வெட்டு வெட்டுங்கள்.

பதில்: பராமரிப்புப் பிரிவு, இரத்மலானை

மேலே ஐயா சொன்னதோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் அது அந்த ஏழு புஷ்களை மட்டுமே விளக்குகிறது. மற்றப் பதின்மூன்றும் கூட்டுக்குள் இறங்கிய பிறகுதான் இறுகின. இறுக்கப் பொருத்தமாக அடிக்கும்போது வெளிவிட்டத்தில் எவ்வளவு நசுங்குகிறதோ, ஏறத்தாழ அவ்வளவும் உள்விட்டத்தில் குறைந்துவிடும். வெளிவிட்டம் கூட்டைவிட 0.15 பெரிதாக இருந்தால், உங்கள் 0.05 இடைவெளி என்ன ஆகும்? இதைக் கடைபவருக்குத் தெரியப்படுத்தக் கூட்டின் அளவையும் வாடிக்கையாளர் தந்திருக்க வேண்டும்; ஆகவே பழி முழுவதையும் உங்கள் தலையில் கட்டுவது நியாயமல்ல.

நைலோன் ஈரத்தையும் குடிக்கும். நைலோன் 6 வகை நீரில் ஊறினால் தன் நிறையில் 9 சதவீதம் வரை நீரை ஏற்றுப் பருக்கும். கொழும்பின் காற்றே ஈரமானது. அதோடு கன்வேயரைக் கழுவும் இடமென்றால் கேட்கவே வேண்டாம். தனியே மேசையில் கிடக்கும் புஷ் பருத்தால் துளையும் சேர்ந்து விரியும், ஆனால் கூட்டுக்குள் அடைபட்ட புஷ் வெளியே போக வழியின்றித் துளையை நோக்கியே பருக்கும். இந்த அளவுக்கு, அடித்து இறக்கிய பிறகு 0.15 முதல் 0.25 வரை இடைவெளி இருக்கும்படி நான் கடைவிப்பேன். தண்ணீர் படும் இடமானால் நைலோனை விட்டுவிட்டு அசெட்டல் என்ற பிளாஸ்டிக் கோல் கேளுங்கள்; அது நீரில் ஊறினாலும் ஒரு சதவீதத்துக்கு மேல் குடிக்காது.

கிராண்ட்பாஸ் லேத்:

இருவருக்கும் மிக்க நன்றி. கையுறையைக் கழற்றிவிட்டேன், பழைய மிதிவண்டிக் கம்பியில் ஒரு கொக்கி வளைத்து மெஷினில் தொங்கவிட்டிருக்கிறேன். தொழிற்சாலைக்குப் பேசியபோது கூட்டின் விட்டம் 34.85 என்றார்கள். ஐந்து துண்டுகளை ஆறவிட்டு, இடைவெளியை 0.35 ஆக்கி, முளைகளையும் அதற்கேற்பக் கடைந்து, இன்று முடித்தேன். நான்கில் முளை சரியாக நின்றது. ஐந்தாவதில் மட்டும், சக்கில் இருக்கும்போது நுழைந்த முளை கழற்றியதும் நுழையவில்லை. உள்ளே பார்த்தால் மூன்று இடங்களில் மெல்லிய பளபளப்புத் தெரிகிறது.

பழைய கடைசல்காரன், தெமட்டகொடை:

அது சக்கின் மூன்று தாடைகளும் செய்த வேலை. துளையிட்ட துண்டு மெல்லியதாகிவிட்டதால், இறுக்கியபோது தாடை பட்ட இடங்களில் நசுங்கியது; அந்நிலையில் வட்டமாகக் கடைந்தீர்கள், விட்டதும் வட்டம் குலைந்தது. வெளிவிட்டத்துக்குப் பொருத்தமாக ஓர் அலுமினிய வளையம் கடைந்து, ஒரு பக்கத்தில் வாளால் பிளந்து, புஷ்ஷை அதற்குள் வைத்துச் சக்கை மெதுவாக இறுக்குங்கள். மீதிப் பதினைந்தையும் அப்படியே பிடிக்கலாம்.