அடுத்த சீசன் கிளப் கணக்கு: வரவை எப்படி மதிப்பிடுவது?

நண்பர்களே, நான் வருஷக்கணக்காக ஆதரிக்கும் இங்கிலாந்து பிரீமியர் லீக் கால்பந்து கிளப்பின் அடுத்த சீசன் வரவு செலவை எக்செல்லில் போட்டுப் பார்க்கிறேன். பாதியில் சிக்கி நிற்கிறேன், தெரிந்தவர்கள் கைகொடுங்கள்.

வீரர் விலை ஓரளவு பிடிபட்டுவிட்டது. 5 கோடி பவுண்டு கொடுத்து 5 வருஷ ஒப்பந்தத்தில் எடுத்தால், அந்த விலையை ஒப்பந்த வருஷங்களுக்குச் சமமாகப் பிரிப்பதால், கணக்கில் ஆண்டுக்கு 1 கோடி செலவு. மூன்று வருஷம் கழித்து அவரை 3 கோடிக்கு விற்றால் ஏட்டில் மிச்சமிருப்பது 2 கோடிதான் என்பதால் 1 கோடி லாபம்! வாங்கியதைவிடக் குறைத்து விற்றும் லாபம் என்பது புரியவே எனக்கு இரண்டு நாள் ஆனது.

குழப்பம் டிவி பணத்தில். உள்நாட்டு ஒளிபரப்புத் தொகையில் பாதி 20 கிளப்புக்கும் சமம், கால்வாசி சீசன் முடிவில் புள்ளிப் பட்டியலில் பிடிக்கும் இடத்தைப் பொறுத்தது, மீதி எத்தனை ஆட்டம் நேரலையில் வருகிறது என்பதைப் பொறுத்தது. இப்போதே எந்த இடத்தை வைத்துக் கணக்குப் போடுவீர்கள்? கடந்த சில ஆண்டுச் சராசரியா, இல்லை இரண்டு மூன்று இடம் கீழே இறக்கியா? எனக்கு இரண்டாவதுதான் சரியாகப் படுகிறது, ஏனென்றால் ஆசையில் போட்ட பட்ஜெட் துண்டு விழுந்தால், சீசன் நடுவே வீரர்களை விற்க வாய்ப்புள்ள ஜனவரியில் நல்ல வீரரைத்தான் விற்பார்கள்.

அப்புறம் சம்பளம். வெளியாகும் ஆண்டறிக்கையில் போனஸ் உட்பட எல்லாம் ஒரே தொகையாக இருக்கிறது, அதுவும் பல மாதம் பழசு. போனஸைத் தனியாக ஊகிக்க ஏதாவது வழி வைத்திருக்கிறீர்களா? ஐரோப்பியப் போட்டிக்குப் போனால் ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யுஇஎஃப்ஏவின் வரம்பு வேறு இருக்கிறது (சம்பளம் உள்ளிட்ட அணிச் செலவு வருவாயில் 70 சதவீதத்தைத் தாண்டக் கூடாது), அதனால் இந்த எண் தப்பினால் மொத்தமும் தப்பு. யாராவது ஷீட் போட்டு வைத்திருந்தால் பகிருங்கள்.