பால் ஒவ்வாத பிள்ளைக்குப் பிறந்தநாள் கேக்: வெண்ணெய் இல்லாமல் முடியுமா?

மகிழம்பூ:
என் மகனுக்கு அடுத்த மாதம் நாலு வயது. பால் புரத ஒவ்வாமை என்று ஒன்றரை வயதிலேயே பரிசோதித்துச் சொல்லிவிட்டார்கள். போன பிறந்தநாளுக்கு ஒரு பேக்கரியில் "பால், வெண்ணெய் எதுவும் வேண்டாம்" என்று மூன்று தடவை சொல்லி கேக் வாங்கினேன். இரண்டு வாய் சாப்பிட்டதும் உதட்டைச் சுற்றித் தடிப்புத் தடிப்பாக வந்துவிட்டது. வெண்ணெய்க்குப் பதிலாக மார்ஜரின் போட்டிருக்கிறார்கள். அந்த மார்ஜரினில் பால் பவுடர் இருந்தது அப்புறம்தான் தெரிந்தது. இந்த முறை நானே செய்யப்போகிறேன். வீட்டில் "வெண்ணெய் இல்லாமல் என்ன கேக்?" என்கிறார்கள். மாமியார் "நெய்யாவது விடு, நெய்யில் ஏது பால்?" என்கிறார். பால் இல்லாமலே நன்றாகச் சாப்பிடலாம், நல்ல இனிப்பும் செய்யலாம் என்பது என் கட்சி. இல்லை என்பவர்கள் காரணத்தோடு சொல்லுங்கள்.

பால்காரர் மகன்:
பிள்ளைக்கு ஒவ்வாது என்றால் நிறுத்த வேண்டியதுதான் சகோதரி, அதில் வாதமே இல்லை. ஆனால் "பால் இல்லாமலே நன்றாகச் சாப்பிடலாம்" என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். எங்கள் வீட்டில் மூன்று மாடு. அப்பா நாலரை மணிக்கு எழுந்து கறந்து சொசைட்டியில் ஊற்றித்தான் நாங்கள் படித்தோம். கறி, மீன், முட்டை சாப்பிடாத வீட்டில் வைட்டமின் பி12 எங்கிருந்து வரும்? கீரையிலும் பருப்பிலும் அது கிடையாது. புரதம், கால்சியம், பி12 மூன்றும் ஒரே டம்ளரில், அதுவும் கட்டுப்படியாகும் விலையில், பாலில்தான் கிடைக்கிறது. பாதாம் பால் ஒரு லிட்டர் வாங்கும் காசுக்குப் பசும்பால் நாலு லிட்டர் வரும். இன்னொன்று: நாட்டு மாட்டுப் பால் கொடுத்துப் பார்த்தீர்களா? அது ஒவ்வாமை தராது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள்.

ஊட்டக்கணக்கு:
தம்பி, பி12 பற்றி நீங்கள் சொன்னது முழுக்கச் சரி. ஆனால் நாட்டு மாட்டுப் பாலைக் "கொடுத்துப் பார்" என்று மட்டும் யாருக்கும் சொல்லாதீர்கள். நான் உணவியல் துறையில் வேலை செய்கிறேன், கெஞ்சியே கேட்கிறேன். ஒவ்வாமையைக் கிளப்புவது கேசீன், மோர்ப்புரதங்கள் (whey) என்ற பால் புரதங்கள். அவை எல்லா மாட்டின் பாலிலும் உண்டு, ஏ2 என்று பெயரிட்டு விற்கும் நாட்டு மாட்டுப் பாலிலும் உண்டு. ஆட்டுப் பால், எருமைப் பால் புரதங்களும் ஏறக்குறைய அதே மாதிரிதான், உடல் ஏமாறாது.

வயிறு உப்புசம் வேறு, இது வேறு. லாக்டோஸ் என்ற பால் சர்க்கரை செரிக்காத பெரியவர்களுக்குத் தயிர் ஓரளவு ஒத்துக்கொள்ளும், நெய் ஒன்றும் செய்யாது. பால் புரதம் ஒவ்வாத பிள்ளைக்கு நெய்யில் ஒட்டியிருக்கும் துளிப் புரதமே போதும். இதை மாமியாரிடம் பொறுமையாகச் சொல்லுங்கள் மகிழம்பூ. வளர வளரப் பல பிள்ளைகளுக்கு இது சரியாகிவிடும். சரியாகிவிட்டதா என்று பார்க்கும் இடம் மருத்துவமனை, வீட்டு அடுப்பங்கரை அல்ல.

இப்போது கணக்கு. நாலு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 550 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020 பரிந்துரை. நூறு கிராம் கேழ்வரகில் 350 அளவுக்கு இருக்கிறது, பாலில் 120 தான். உடனே கேழ்வரகு ஜெயித்துவிட்டது என்று சொல்ல முடியாது. பிள்ளை ஒரு வேளைக்கு 30, 40 கிராம் மாவுதான் சாப்பிடும். அதிலும் தானியத்தில் இருக்கும் பைட்டேட் என்ற பொருள் கால்சியத்தில் ஒரு பங்கை உடம்பில் சேரவிடாமல் பிடித்துக்கொள்ளும். முளைகட்டி அரைத்தால் அந்தப் பிடி தளரும். அதனால் காலையில் முளைகட்டிய கேழ்வரகுக் கூழ், மத்தியானம் முருங்கைக்கீரை, சாயங்காலம் எள்ளுருண்டை, மீன் உண்டென்றால் முள்ளோடு நெத்திலி என்று சேர்த்தால்தான் கணக்கு நேராகும். தேங்காய்ப் பாலை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். பெயரில்தான் பால், புரதமும் கால்சியமும் மிகச் சொற்பம். பி12க்கு முட்டை, மீன் இல்லாவிட்டால் மருத்துவரிடம் கேட்டுச் சொட்டு மருந்தோ மாத்திரையோதான்.

அடுமனைக்காரர்:
உடம்பு விஷயம் எனக்குத் தெரியாது, கேக் விஷயம் தெரியும். பதினேழு வருடமாக அடுப்பு முன்னால் நிற்கிறேன். வெண்ணெயையும் சர்க்கரையையும் சேர்த்து அடிக்கும்போது சர்க்கரைப் பரல் வெண்ணெயைக் கிழித்துக் காற்றை உள்ளே அடைக்கிறது. அந்தக் காற்றுதான் பட்டர் கேக்கின் நைப்பு. வெண்ணெயில் இருக்கும் பால் திடப்பொருள் சூட்டில் சிவந்துதான் அந்த வாசனையே வருகிறது. எண்ணெய் இந்த இரண்டையும் செய்யாது. எண்ணெயில் கேக் வரும், பட்டர் கேக் வராது.

உங்களுக்கு நடந்ததற்கு எங்கள் தொழில்தான் வெட்கப்பட வேண்டும். 2020 லேபிள் விதிப்படி பாக்கெட்டில் பால் இருந்தால் குறிப்பிட்டே ஆக வேண்டும். மார்ஜரின் பெட்டியைத் திருப்பிப் படித்திருந்தாலே தெரிந்திருக்கும். என்னிடம் ஒவ்வாமை என்று யாராவது வந்தால் செய்ய முடியாது என்று சொல்லி அனுப்பிவிடுவேன். ஒரே மிக்சர், ஒரே தட்டு, பால் பவுடர் மாவு மாதிரிக் காற்றில் பறக்கிற இடம். நான் எப்படிப் பொறுப்பேற்பது?

தேரிக்காட்டுக்காரன்:
அண்ணாச்சி, கேக்கை வைத்து மட்டும் இனிப்பை அளக்காதீர்கள். எங்கள் தூத்துக்குடிப் பக்கம் முதலூர் மஸ்கோத் அல்வா நெய்யே இல்லாமல் தேங்காய்ப் பாலில் செய்வது. அத்தை வீட்டில் பார்த்திருக்கிறேன். மைதாவை ஊறவைத்துப் பிசைந்து பாலெடுத்து, தேங்காய்ப் பாலும் சர்க்கரையும் சேர்த்து உருளியில் கிண்டிக்கொண்டே இருப்பார்கள். தேங்காய் தன் எண்ணெயைத் தானே கக்கும். ஓரமெல்லாம் எண்ணெய் பிரிந்து, அல்வா கரண்டியோடு உருண்டு வந்தால்தான் இறக்குவார்கள். தூத்துக்குடி மக்ரூன் எடுத்துக்கொள்ளுங்கள்: முட்டை வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான். கீழக்கரைத் தொதல், கோவில்பட்டிக் கடலைமிட்டாய், நல்லெண்ணெயில் சுட்ட அதிரசம் எதிலும் பால் கிடையாது. பால் இனிப்புக்குப் பதிலாகச் செய்த பண்டங்களா இவை? எங்களுக்கு இவைதான் அசல்.

பால்காரர் மகன்:
நாட்டு மாட்டுப் பால் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன் அக்கா. கேட்டதைச் சரிபார்க்காமல் எழுதிவிட்டேன், மன்னியுங்கள். ஆனால் தேரிக்காட்டு நண்பருக்கு ஒன்று: அல்வாவும் மிட்டாயும் பாலுக்கு ஈடு இல்லை. தித்திப்பு கிடைக்கும், பிள்ளை வளரக் காணாது. ஊட்டக்கணக்கு அக்கா சொன்ன பட்டியலைக் கூலி வேலைக்குப் போகும் ஒரு தாய் தினமும் செய்ய முடியுமா? பால் காய்ச்சிக் கொடுக்க ஐந்து நிமிடம். ஒவ்வாமை இல்லாத பிள்ளைக்குப் பாலை நிறுத்தச் சொல்வது தப்பு என்ற என் பேச்சு மாறாது.

மகிழம்பூ:
அந்தத் தாய்க்கு நானும் பாலை நிறுத்தச் சொல்லமாட்டேன் தம்பி. அதைத் தெளிவாக எழுதாதது என் பிழை. பால் இல்லாத வீடு அரைகுறை வீடு என்கிற பேச்சோடுதான் என் சண்டை.

நேற்றே ஒரு கேக் சுட்டுப் பார்த்தேன். ஒன்றரை கப் மைதா, ஒரு கப் சர்க்கரை, மூன்று மேசைக்கரண்டி கோகோ, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, அரை டீஸ்பூன் உப்பு. ஒரு கப் தண்ணீர், ஐந்து மேசைக்கரண்டி எண்ணெய், ஒரு மேசைக்கரண்டி வினிகர். பாலும் இல்லை, முட்டையும் இல்லை. அமெரிக்காவில் பெருமந்தக் காலத்துக் கேக் என்பார்கள், 1930களின் பொருளாதார நெருக்கடியில் பிறந்த பெயர். வினிகர் விழுந்ததும் மாவு சுரசுரவென்று நுரைத்தது. மகன் சாப்பிட்டான், தடிப்பு எதுவும் வரவில்லை. ஓரம் பஞ்சு மாதிரி வந்தது, நடு மட்டும் குழிந்துவிட்டது. அடுமனைக்காரர் ஐயா, பட்டர் கேக் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். இதைக் கேக் என்று நீங்கள் ஒப்புக்கொள்வீர்களா?

அடுமனைக்காரர்:
சாக்லேட் என்றால் ஒப்புக்கொள்கிறேன் அம்மா. கோகோவின் கசப்பு வெண்ணெய் வாசனை இல்லாத குறையை மூடிவிடும். வெனிலா கேக்கை இப்படிச் செய்து காட்டினால் அப்புறம் பேசலாம்.

நடு குழிந்ததற்குக் காரணம், கலக்கிய மாவைக் காத்திருக்க வைத்திருப்பீர்கள். வினிகரும் சோடாவும் சேர்ந்த நிமிடமே வாயு கிளம்பிவிடும். ஓவனை 180 டிகிரிக்குச் சூடேற்றித் தட்டில் எண்ணெய் தடவி வைத்துக்கொண்டு, கடைசியாகத்தான் வினிகர் விட வேண்டும். எட்டு அங்குலத் தட்டு எடுங்கள், முப்பது நிமிடம் வரை கதவைத் திறக்காதீர்கள். மேலே பூச கிரீம் வேண்டுமென்றால் வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயில் செய்யுங்கள். அது 24 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால் ஃப்ரிட்ஜில் இறுகவைத்து, வெட்டும்போது எடுத்துப் பூசுங்கள். கோகோ டப்பாவையும் ஒருமுறை திருப்பிப் படியுங்கள். சில பானப் பொடிகளில் பால் பவுடர் கலந்திருக்கும்.